ஆடு புலி ஆட்டத்தில் மான் இல்லை

எங்க ஊர்க் கோயில் மண்டபத்தின் கல்தரையில் ஆடு புலி ஆட்டக் கோடு ஒன்று கொத்தி வைத்திருக்கிறார்கள். யார் கொத்தியது, எந்தக் காலம், யாருக்கும் தெரியாது. 3 புலி, 15 ஆடு. புலிக்குப் புளியங்கொட்டை, ஆட்டுக்குக் கூழாங்கல். புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம். ஆடு புலியை வெட்ட முடியாது. நகரவிடாமல் சுற்றி அடைக்கலாம், அவ்வளவுதான். சின்ன வயசில் எனக்குப் புலிதான் வேண்டும். என் பாட்டா மறுபேச்சில்லாமல் ஆட்டை எடுத்துக்கொள்வார். பெரும்பாலும் அவரே ஜெயிப்பார்.

“புலிய யாருடே வெட்டினா? அதுக்கு எடம் இல்லாம ஆக்கினேன். பொறவு அதுவே தோத்துப் போவும்” என்பார்.

2023 ஜூலையில் அந்த வார்த்தை எனக்குத் திரும்ப ஞாபகம் வந்தது. பேச்சிப்பாறைக்குப் பக்கத்தில், சிற்றாறு சிலோன் காலனியில் ஒரு புலி இறங்கிவிட்டது. ரப்பர் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு அது. வீட்டுப் பக்கத்தில் கட்டியிருந்த ஆடுகளை அடித்தது, நாய்களைத் தூக்கியது. வனத்துறை கூண்டு வைத்தது, கேமரா கட்டியது, வேறு மலைகளிலிருந்து தடம் பார்க்கத் தெரிந்தவர்களைக் கூட்டி வந்தது. வாரக்கணக்கில் ஆட்டம் காட்டிய புலியைக் கடைசியில் பத்துகாணிப் பக்கம் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். வயதான புலி. வண்டலூருக்கு வண்டி ஏறியது.

அந்த நாட்களில் வாட்ஸப்பில் இரண்டு கட்சி நடந்தது. ஒரு பக்கம், “சுட்டுத் தள்ள வேண்டியதுதானே, மனுஷனைவிடப் புலி பெரிசா?” இன்னொரு பக்கம், “காட்டுக்குள்ள வீடு கட்டிட்டு புலி வருதுன்னு சொன்னா எப்படி?” இரண்டும் ஒரே வேகத்தில் பகிரப்பட்டன. எனக்கு இரண்டிலும் ஏதோ விட்டுப்போனதாகத் தோன்றியது. அது என்ன என்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை. கேள்வி என்னவோ எளிமையானது: புலி, சிறுத்தை, செந்நாய், நரி போன்ற இரைகொல்லிகளால் மானுக்கும் நம் ஆடுமாட்டுக்கும் உண்மையில் எவ்வளவு ஆபத்து?

*

முதலில் பெயர்களைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம் பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். அங்கே ‘கடுவா’ என்றால் வரிப்புலி. ‘புலி’ என்றால் பல சமயம் சிறுத்தை. பழைய ஆங்கிலப் பதிவுகளில் ‘சீட்டா’ என்று வருவதும் பெரும்பாலும் சிறுத்தையைத்தான். ஆகவே, “அந்தக் காலத்தில் இங்கே ஊருக்கு ஊர் புலி” என்று யாராவது சொன்னால், எந்தப் புலி என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது. கடமான் இங்கே ‘மிளா’. நம் மலைகளில் பெரிய இரைகொல்லியின் தட்டில் முக்கியமான சாப்பாடு இந்த மிளாதான். அதற்கும் மேலே காட்டுமாடு, காட்டுப்பன்றி. உச்சிப் புல்வெளிகளில் வரையாடு. கீழே கேழையாடு, சருகுமான்.

மாவட்டத்தின் காப்புக்காடுகளில் ஒன்றின் பெயரே வீரப்புலி. அசம்பு, கீழமலை, தாடகைமலை, பொய்கைமலை, மகேந்திரகிரி என்று பெயர்கள் நீளும். இந்தக் காடுகளின் முதல் குடிகள் காணிக்காரர்கள். மரத்தின் மேல் ஏறுமாடம் கட்டி அதில் இரவைக் கழிப்பது அவர்கள் வழக்கம் என்று 19-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த மிஷனரிகளும் அதிகாரிகளும் எழுதி வைத்திருக்கிறார்கள். யானைக்கும் கடுவாவுக்கும் பயந்து கட்டியது அது. பயம் இருந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பயம் இடத்தை விட்டுக்கொடுக்கிற பயம். ராத்திரி தரை உனக்கு, மரம் எனக்கு.

கீழே நாஞ்சில் நாட்டு வயல்வெளியில் கதை வேறு. அங்கே கடுவா கிடையாது, நரி உண்டு. அறுவடை முடிந்த வயலில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போடுவார்கள். கிடைக்காரர்கள் ராத்திரி முழுக்கக் காவல் இருப்பார்கள். குட்டியைத் தூக்க நரி வரும். அதற்குத்தான் நாய், தடி, கைவிளக்கு எல்லாம். ஆனால் நரி எந்நேரமும் ஆட்டுக்குட்டி தின்று வாழும் பிராணியும் அல்ல. எலி, நண்டு, பழம், செத்த மாடு, எது கிடைத்தாலும் அதற்குச் சரி. கும்பப்பூ விளைச்சலில் எலிக்கு எவ்வளவு போகும் என்று கணக்குப் பார்க்கிற விவசாயி, அந்த எலியில் எத்தனையை நரி தின்றது என்று எழுதி வைத்ததில்லை. ஒரு குட்டி போனால் ஊருக்கே தெரியும். நூறு எலி போனால் யாருக்கும் தெரியாது. இந்தப் பாதிக் கணக்குதான் பிறகு ராஜாங்கத்தின் கணக்கும் ஆனது.

*

பிரிட்டிஷ் இந்தியாவில் கொடிய விலங்குகளைக் கொன்றால் பரிசுப் பணம் உண்டு. தலையையோ தோலையோ கொண்டுபோய்க் காட்டினால் ரூபாய் கிடைக்கும். வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் இந்தப் பதிவுகளைக் கூட்டிப் பார்த்தார். 1875 முதல் 1925 வரை, 50 ஆண்டுகளில் 80,000-க்கும் மேல் புலிகள், 1,50,000-க்கும் மேல் சிறுத்தைகள், சுமார் 2,00,000 ஓநாய்கள் கொல்லப்பட்டிருக்கின்றன. அப்போது இந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. சமஸ்தானமும் இதே வழியில் பரிசு கொடுத்தது.

அதே சமஸ்தானம், அதே காலத்தில், அதே மலைகளில் வேறு என்னென்ன செய்துகொண்டிருந்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1860-களில் அசம்பு மலைச் சரிவுகள் வெள்ளைக்காரத் துரைகளுக்குக் காப்பி போடத் திறந்துவிடப்பட்டன. பாலமோர், மாறாமலை என்று இன்றும் எஸ்டேட்டுகளாக நிற்கும் இடங்களின் பின்னணி இதுதான். 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்தது பேச்சிப்பாறை அணை. நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு அது உயிர். கட்டிய எஞ்சினீயர் மிஞ்சினின் கல்லறை அங்கேயே இருக்கிறது. நாங்கள் சாப்பிட்ட சோற்றில் அந்தத் தண்ணீர் இருக்கிறது, நன்றி கெட்டுப் பேச மாட்டேன். ஆனால் அந்தத் தண்ணீருக்கு அடியில் ஒரு மலைப் பள்ளத்தாக்கும் இருக்கிறது. ஆற்றோரச் சமதளமும் புல்லும்தான் மிளா மேயத் தேடிவரும் இடம்.

காப்பிக்கு எவ்வளவு, பாசனத்துக்கு எவ்வளவு, பிடிபட்ட புலிக்கு எவ்வளவு என்று சமஸ்தானம் கணக்கு வைத்தது. இத்தனையிலும் மிளாவுக்குப் போன மேய்ச்சல் எவ்வளவு என்று ஒரு பத்தி கிடையாது. 1906-இல் வெளிவந்த நாகம் அய்யாவின் திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவல் நம் ஊர் வரலாற்றுக்குப் பொக்கிஷம். விலங்குகளுக்கு அதில் தனி இடமே உண்டு. ஆனால் வருவாய் ஒரு அத்தியாயத்திலும் விலங்கு இன்னொரு அத்தியாயத்திலும் இருக்கின்றன.

ஆடுமாடு பக்கத்திலும் ஒரு பத்தி விட்டுப்போனது. அந்த நூற்றாண்டில் இந்திய மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது வெக்கை நோய். அதை விசாரிக்க 1869-இல் அரசு ஒரு கமிஷனே போட்டது. ஊருக்குள் வெக்கை புகுந்தால் தொழுவம் தொழுவமாகக் காலியாகும். புலி அடித்தால் ஒரு மாடு. இரண்டும் ஒரே தட்டில் நிற்கவே நிற்காது. இன்னொரு விஷயம், இந்த நோய் மாட்டிலிருந்து காட்டுக்குள்ளும் போகும். 1968-இல் முதுமலை, பந்திப்பூர் பக்கம் காட்டுமாடுகளை வெக்கை வாரிக்கொண்டு போனது. அதாவது, மானுக்கும் காட்டுமாட்டுக்கும் எமன் சில சமயம் நம் பட்டியிலிருந்தே கிளம்பிப் போயிருக்கிறான். உலகம் முழுக்க வெக்கை ஒழிந்ததாக 2011-இல் அறிவித்தார்கள். அதைச் செய்தது தடுப்பூசி. துப்பாக்கிக்கு அதில் பங்கில்லை.

*

இதுவரை ஆடுமாட்டுக்காகக் கொன்ற கதை. மானைக் காப்பாற்றுவதற்காகக் கொன்ற கதை ஒன்றும் உண்டு. அதில் மாட்டிக்கொண்டது செந்நாய்.

வெள்ளைக்கார வேட்டைக்காரர்களுக்குப் புலி மேல் ஒரு மரியாதை இருந்தது. செந்நாய் மேல் வெறுப்பு மட்டுமே. கூட்டமாகத் துரத்துகிறது, உயிரோடு கடித்துத் தின்கிறது, தான் சுடவேண்டிய கடமானை முந்திக்கொண்டு போய்விடுகிறது. கடைசிக் காரணம்தான் முதல் காரணம் என்று நினைக்கிறேன். “செந்நாய் புகுந்த காட்டில் மான் மிஞ்சாது” என்பது வேட்டைக்காரர் வட்டாரத்தில் வேதவாக்கு. அதனால் செந்நாய்த் தலைக்கும் காசு.

இதை உட்கார்ந்து சரிபார்த்தவர் நம்ம பக்கத்து ஊர்க்காரர். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வடக்கே கொஞ்சதூரம் போனால் நாங்குநேரி. அங்கே பிறந்தவர் ஏ. ஜே. டி. ஜான்சிங். ஜிம் கார்பெட்டின் வேட்டைக் கதைகளைச் சிறுவயதில் தமிழில் படித்துக் காட்டுப் பைத்தியம் பிடித்தவர். சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் வாத்தியாராக இருந்துகொண்டு, 1976 முதல் 1978 வரை பந்திப்பூரில் செந்நாய்களின் பின்னால் நடந்தார். ரேடியோ காலர் கிடையாது. கால், கண், நோட்டுப் புத்தகம். கொன்ற இரையைப் பார்ப்பது, எச்சத்தைக் காயவைத்து அதிலிருக்கும் மயிரைப் பிரித்து எந்த விலங்கு என்று கண்டுபிடிப்பது, இதுதான் வேலை. ஒரு இந்திய விஞ்ஞானி காட்டில் சுதந்திரமாகத் திரியும் பெரிய பாலூட்டியை இப்படி ஆராய்ந்ததில் முன்னோடி அவர்.

அவர் பார்த்த செந்நாய்கள் முக்கியமாகப் புள்ளிமானைத்தான் தின்றன. அதே காட்டில் சிறுத்தையும் புலியும் வேறு இருந்தன. மூன்று வாய் தின்றும் புள்ளிமான் கூட்டம் கூட்டமாக நின்றது. பிறகு 1990-களில் நாகரஹொளேயில் உல்லாஸ் கரந்தும் மெல் சன்குவிஸ்டும் அளந்து பார்த்தார்கள். புலி சராசரியாக 90 கிலோ அளவிலான இரையைக் கொல்கிறது. சிறுத்தையும் செந்நாயும் 40 கிலோவை ஒட்டி. பெரிசும் சிறிசுமாக இரை நிறைய இருந்தால் மூன்றுக்கும் இடம் உண்டு. பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்ந்த மானைச் செந்நாய் அழிக்கும் என்றால், அதை எப்போதோ அழித்திருக்கும்.

ஜான்சிங் 2024 ஜூனில் காலமானார். அவர் படித்த அந்தச் செந்நாய், இன்று உலகம் முழுக்க இனப்பெருக்க வயதில் 2,200-க்கு மேல் இருக்காது என்பது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் மதிப்பீடு. மானைக் காப்பாற்றுகிறோம் என்று தொடங்கிய கணக்கில் மிஞ்சியது இது.

இந்தத் தவறு நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமல்ல. அமெரிக்காவில் கைபாப் என்றொரு பீடபூமி. 1906-இல் அதை மான்களுக்கான புகலிடமாக அறிவித்து, மலைச்சிங்கம், ஓநாய், கொயோட்டி எல்லாவற்றையும் தேடித் தேடிக் கொன்றார்கள். கொயோட்டி என்பது நம் நரிக்கு அந்த ஊர் ஒன்றுவிட்ட தம்பி. 1920-களில் மான் பெருகி, செடிகொடியை மொட்டையாகத் தின்று, குளிர்காலத்தில் பட்டினியால் செத்து விழுந்தது. பாடப்புத்தகங்களில் புகழ்பெற்ற கதை. பிற்கால ஆய்வாளர்கள் இதை அப்படியே ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மான் எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது, அதே காலத்தில் ஆடுமாடு மேய்ச்சல் குறைந்ததும் மான் பெருக ஒரு காரணம் என்றார்கள். இரைகொல்லி போனால் மான் பெருகும் என்ற சூத்திரமும், இரைகொல்லி இருந்தால் மான் அழியும் என்ற சூத்திரமும் ஒரே மாதிரி அவசரமானவை. இரண்டிலும் புல்லை யாரும் கேட்பதில்லை.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு ஆய்வு உண்டு. களக்காடு முண்டந்துறையில் சிறுத்தையின் உணவை ஆராய்ந்து 1999-இல் ஒரு கட்டுரை வந்தது. அங்கே புலி குறைந்ததற்குக் காரணம் பெரிய இரைவிலங்குகள் குறைந்ததே என்பது அதன் முடிவு. காரியத்தைத் திருப்பிப் போட்டால் நம் கேள்விக்கே பதில் கிடைக்கிறது. புலி மானைத் தீர்த்ததாக நாம் பேசிக்கொண்டிருந்த இடத்தில், மான் குறைந்ததால் புலி தீர்ந்துகொண்டிருந்தது.

*

இனி சிலோன் காலனிக்குத் திரும்பலாம். அந்தப் பெயர் எப்படி வந்தது?

1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தால், இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த லட்சக்கணக்கான தமிழர்கள் ‘தாயகம் திரும்பியவர்கள்’ ஆனார்கள். பலருக்கு அந்தத் தாயகம் பார்த்தே இராத ஊர். அவர்களுக்கு வேலை கொடுக்கக் குமரி மாவட்டத்து மலையடிவாரக் காடுகளில் அரசு ரப்பர் போட்டது. 1984-இல் அது அரசு ரப்பர் கழகம் ஆனது. இலங்கையில் சிறுத்தை உண்டு, நரி உண்டு, புலி கிடையாது. செந்நாயும் கிடையாது. புலியில்லாத தீவில் பிறந்தவர்களைக் கொண்டுவந்து, வீரப்புலி என்று பெயர் வைத்த மலைகளின் அடிவாரத்தில் குடிவைத்தது அரசாங்கம். “காட்டுக்குள்ள வீடு கட்டிட்டு...” என்று வாட்ஸப்பில் எழுதியவர்களுக்கு இந்த வரலாறு தெரிந்திருக்காது. அவர்கள் போய்க் கட்டவில்லை, கட்டிக் கொடுத்து வைக்கப்பட்டார்கள்.

ரப்பர் தோட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் காடு மாதிரியே இருக்கும். உள்ளே போனால் வரிசை வரிசையாக ஒரே மரம். கீழே வெட்டிச் சுத்தம் செய்த தரை. மிளாவுக்கு அங்கே கடிக்க ஒன்றும் கிடையாது. போதாததற்குக் கண்ணி வைக்கிறவர்களும், அவுட்டுக்காய் வைக்கிறவர்களும் காட்டோரத்தில் மிச்சமிருக்கும் மிளாவையும் பன்றியையும் குறைக்கிறார்கள். வயதாகி மிளாவைத் துரத்த முடியாமல் போன ஒரு புலி மலையிலிருந்து இறங்கினால், அது தாண்டவேண்டிய முதல் வெளி இந்த ரப்பர். அதில் அது சந்திக்கும் முதல் இரை, கயிற்றில் கட்டிய ஆடு.

எனவே ஆடுமாட்டுக்கு ஆபத்தே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆபத்து உண்டு. ஆனால் அது எல்லார் தலையிலும் சமமாக விழுவதில்லை. நாகர்கோவிலில் உட்கார்ந்து புலிக்காகப் பதிவு போடுகிற எனக்கு ஒரு ஆடும் போகவில்லை. பால்வெட்டுக்குப் போகிற குடும்பத்துக்கு நாலு ஆடு என்றால் அது நாலு ஆடு மட்டுமல்ல, அவசரத்துக்கு விற்கிற நகை. ஜூன், ஜூலை மழையில் பல நாள் வெட்டு நின்றுபோகும். கையில் காசில்லாத அந்த மாதத்தில்தான் புலியும் வந்தது. வெட்டுக்கு விடியும் முன்பே போகவேண்டும். புலி நடமாடுகிற தோட்டத்தில் இருட்டில் தலைவிளக்கோடு யார் போவார்கள்? கூலியும் போச்சு, ஆடும் போச்சு. அரசு இழப்பீடு தருகிறது. அதற்கு மனு, கால்நடை மருத்துவர் சான்று, அலைச்சல் எல்லாம் உண்டு.

இப்படி ஒரு இழப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அதே 2023-இல் நீலகிரி காட்டியது. செப்டம்பரில் அவலாஞ்சி பக்கம் இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. புலி அடித்த மாட்டின் உடம்பில் விஷம் வைத்ததாக மாட்டுக்காரரைக் கைது செய்தார்கள். பரிசுப் பணத்தின் காலம் 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்துவிட்டதாக நாம் நினைக்கிறோம். இழப்பை ஒரே ஒரு வீட்டின் மேல் ஏற்றிவைத்தால், அந்த வீடு தன் கையால் பழைய வழியைத் திறந்துகொள்ளும்.

மறுபக்கம் இன்னொரு கணக்கு வந்து நிற்கிறது. மரச்சீனி, வாழை போட்டவர்களிடம் பேசினால் முதல் புகார் காட்டுப்பன்றி. 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று அனுமதித்தது. பன்றி பெருக இரைகொல்லி குறைந்ததுதான் ஒரே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். எச்சிற்குப்பையும் தரிசாய்ப் போன வயலும் அதற்கு விருந்து. ஆனால் பன்றியைத் தின்ன விரும்பும் பிராணிகளுக்கு ஒரு நூற்றாண்டாகக் காசு கொடுத்து ஆள் வைத்துக் கொன்றுவிட்டு, இப்போது பன்றிக்கு ஆள் வைக்கிறோம் என்பது மட்டும் உண்மை.

*

போன மாதம் ஊருக்குப் போனபோது மண்டபத்தில் பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஆடு புலி ஆட்டம் சொல்லிக் கொடுத்தேன். விதியை எல்லாம் கேட்டுவிட்டு அவன் கேட்டான்: “அண்ணே, இந்தப் புலிக்கு ஆடு மட்டுந்தான் சாப்பாடா? வேற ஒண்ணும் கெடையாதா?”

கோட்டைப் பார்த்தேன். 23 புள்ளி. 3 புலி, 15 ஆடு. ஒரு மிளாவை வைக்க அதில் இடமில்லை. புல்லுக்கும் இல்லை. ஆட்டைக் கட்டி வைத்தவனுக்கும் இல்லை. விளையாட்டுக்கு அது போதும். அதே பலகையை வைத்துக்கொண்டுதான் நாம் நூற்றைம்பது வருஷமாகக் காட்டையும் ஆண்டிருக்கிறோம்.

“மலையில நெறைய உண்டு மக்கா. இந்தக் கல்லுல கொத்த விட்டுட்டாவ” என்றேன்.

அவன் யோசித்துவிட்டு ஆட்டை எடுத்துக்கொண்டான். நான் புலி. பத்து நிமிஷத்தில் எனக்கு நகர இடமில்லாமல் போனது.